கோரியிலிருந்து அண்ணனுக்கு என்ன வாங்கி வர்றது?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது முழுசா பயணக் கட்டுரை இல்ல. எங்க தங்கலாம், எங்க சாப்பிடலாம்னு தேடி வந்தவங்க மன்னிக்கணும். ஒரு காப்பி கப்பை வாங்கலாமா வேண்டாமான்னு கடை வாசல்ல நின்னுக்கிட்டு நான் பட்ட பாட்டைப் பத்தின பதிவு இது.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்கப்பா கோயமுத்தூர்ல பஞ்சாலைத் தொழிலாளி. மில்லுக்குள்ள ஸ்பின்னிங், மில்லுக்கு வெளியில செங்கொடிச் சங்கம். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு, தலையில பஞ்சு ஒட்டியிருக்க, திண்ணையில உக்காந்து முதல்ல பேப்பரைப் படிச்சிட்டுத்தான் பல்லு விளக்கப் போவார். வீட்டுக்கு 'சோவியத் நாடு' பத்திரிகை வரும். வழவழன்னு தாளு, கலர் கலரா படம். கோதுமை வயல், டிராக்டர், சிரிக்கற பொம்பளைங்க. அவர் படிச்சு முடிக்கறதுக்குள்ள நாங்க அதைக் கிழிச்சு நோட்டுக்கு அட்டை போட்டுடுவோம். மாஸ்கோவில அச்சான தமிழ்ப் புத்தகங்கள் ரெண்டு மூணு ரூபாய்க்குக் கிடைச்ச காலம். எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில துணிமணியை விட அதுதான் அதிகம்.

1963-ல மூத்த பையன் பிறந்தப்ப அப்பா வெச்ச பேரு ஸ்டாலின். நான் பிறந்தப்ப அம்மா சண்டை போட்டு தாத்தா பேரை வெச்சிட்டாங்க. இல்லேன்னா நான் குருஷ்சேவ் ஆகியிருப்பேன் :-)

தமிழ்நாட்டுல இந்தப் பேரு ஒண்ணும் அதிசயமில்ல. மு.க.ஸ்டாலின் 1953 மார்ச் 1-ல பிறந்தார், சோவியத் ஸ்டாலின் மார்ச் 5-ல செத்தார், இரங்கல் கூட்டத்துல கலைஞர் தன் பையனுக்கு அந்தப் பேரை அறிவிச்சார்னு நமக்கெல்லாம் தெரிஞ்ச கதை. அந்தப் பையன் 2021-ல முதலமைச்சரும் ஆனார். எங்க தெருவுலயே ரெண்டு ஸ்டாலின், ஒரு லெனின், ஒரு ககாரின் இருந்தாங்க. ககாரின் இப்ப பேக்கரி வெச்சிருக்கார்.

ஆனா ஒரு கணக்கு மட்டும் எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. 1956 பிப்ரவரியில குருஷ்சேவ் கட்சி மாநாட்டுல ஸ்டாலினோட குற்றங்களைப் பட்டியல் போட்டுப் பேசிட்டார். 1961-ல ஸ்டாலின் உடலை லெனின் பக்கத்துல இருந்து எடுத்து வெளியில புதைச்சாங்க. அதே வருஷம் ஸ்டாலின்கிராடுக்கு வோல்காகிராடுன்னு பேரை மாத்தினாங்க. ஆக, சோவியத்காரனே ஊருக்கு வெச்ச பேரை எடுத்து ரெண்டு வருஷம் கழிச்சு எங்கப்பா பையனுக்கு அந்தப் பேரை வெச்சிருக்கார். பேப்பரை வரி விடாம படிக்கற மனுஷனுக்கு இது தெரியாம இருந்திருக்காது. கேட்கணும் கேட்கணும்னு இருந்தேன். 1998-ல அவர் போயிட்டார்.

சரி, விஷயத்துக்கு வரேன்.

தங்கச்சி பொண்ணு ஜார்ஜியாவுல மருத்துவம் படிக்கறா. திபிலிசி தெருவுல இப்ப நம்ம ஊரு பசங்க ஏகப்பட்ட பேரு. போன வருஷம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அண்ணன்கிட்ட போன்ல சொன்னதும் அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "கோரி அங்க பக்கந்தானப்பா? போயிட்டு வா. என் பேரு போட்ட மாதிரி ஏதாச்சும் கிடைச்சா வாங்கிட்டு வா."

கோரிதான் ஸ்டாலின் பிறந்த ஊரு. திபிலிசியில இருந்து மேற்கால 80 கிலோமீட்டர் மாதிரி. திதூபேன்னு ஒரு பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து மார்ஷ்ருட்கான்னு ஒரு வேன் போகும். நம்ம ஊரு ஷேர் ஆட்டோவோட பெரியப்பா பையன்னு வெச்சுக்கோங்க. ஆள் நிரம்பினாத்தான் கிளம்பும். ஒண்ணேகால் மணி நேரத்துல கோரி. நடுவுல ஒரு குன்று மேல பழைய கோட்டை, கீழே சின்ன ஊரு. மெயின் ரோட்டுக்குப் பேரு இன்னமும் ஸ்டாலின் அவென்யூ.

முந்தின நாள் ராத்திரி, பொண்ணு தங்கியிருக்கற வீட்டுக்கார அம்மாகிட்ட கோரிக்குப் போறோம்னு சொன்னோம். எழுபத்தஞ்சு வயசு இருக்கும். டீயை ஊத்திக்கிட்டே, "எதுக்கு?"ன்னாங்க. அண்ணன் பேரைச் சொன்னேன். சிரிக்கல. அவங்க தாத்தாவை 1937-ல ஒரு ராத்திரி கூட்டிட்டுப் போனாங்களாம். திரும்பி வரல. சுட்டுட்டாங்கன்னு வீட்டுக்குத் தெரியவே இருபது வருஷம் ஆச்சாம். இதுவரைக்கும் நான் எதிர்பார்த்த கதைதான். அடுத்து சொன்னதுதான் எதிர்பாராதது. அவங்க பெரியப்பா, அதாவது அதே தாத்தாவோட மூத்த பையன், 1956 மார்ச்சுல திபிலிசி ஊர்வலத்துல போனவராம். எதுக்கு ஊர்வலம் தெரியுங்களா? குருஷ்சேவ் ஸ்டாலினை அவமானப்படுத்திட்டார்னு, ஸ்டாலினுக்கு ஆதரவா!

அந்த ஊர்வலம் சரித்திரத்துல இருக்கு. மார்ச் 9-ந் தேதி ராத்திரி ராணுவம் சுட்டுச்சு. செத்தவங்க எத்தனை பேருங்கறதுல இன்னிக்கும் ஆளுக்கொரு கணக்கு. ஸ்டாலின் ஆட்சி அப்பனைக் கொன்னுச்சு. பையன் ஸ்டாலினுக்காகத் துப்பாக்கி முன்னாடி போய் நின்னான். பொண்ணு மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல எனக்கு டீ இறங்கல. "ஏன் போனாராம்?"னு கேட்கச் சொன்னேன். அந்தம்மா தோளைக் குலுக்கினாங்க. "நம்ம ஊர்க்காரன்னுதான்."

அந்தப் பதிலை மனசுல வெச்சுக்கிட்டே மியூசியத்துக்குப் போனேன்.

தூரத்துல இருந்து பார்த்தா ஏதோ ராஜா மாளிகைதான். தூணும் வளைவும் மூலையில கோபுரமுமா கம்பீரமா நிக்குது. 1951-ல உள்ளூர் வரலாற்று மியூசியம்னு சொல்லி கட்ட ஆரம்பிச்சு, 1957-ல ஸ்டாலின் மியூசியமா திறந்தாங்க. தேதியைக் கவனிங்க. குருஷ்சேவ் பேசினதுக்கு அடுத்த வருஷம். உலகமே பேரை அழிச்சிட்டிருக்கறப்ப இங்க பெயிண்ட் அடிச்சுத் திறப்பு விழா.

மாளிகைக்கு முன்னாடி, கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு தூண் மண்டபம். அதுக்குள்ள பொத்திப் பாதுகாத்து வெச்சிருக்கறது ஒரு ஓட்டை வீடு. மரமும் செங்கல்லும். ஸ்டாலினோட அப்பா செருப்புத் தைக்கறவர். ஒரே ஒரு ரூம் வாடகைக்கு, கீழே நிலவறையில பட்டறை. 1878 டிசம்பர்ல இங்கதான் பிறந்தார். முதல் நாலு வருஷம் இங்கதான். அந்த ரூம்ல ஒரு மேசை, ஒரு கட்டில், அவ்ளோதான்.

உண்மையைச் சொல்றேன், அந்த வீட்டு முன்னாடி நின்னப்ப எனக்குத் தொண்டை அடைச்சுச்சு. ஸ்டாலினுக்காக இல்ல, எங்கப்பாவுக்காக. எங்க லைன் வீடும் இதே அளவுதான். செருப்புத் தைக்கறவன் பையன் உலகத்துல பாதியை ஆட்டிப் படைச்சான்னு கேட்டா, பன்னெண்டு மணி நேரம் நின்னு நூல் இழுத்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்? பேரு வைக்க அது போதாதா? ஹிட்லரை அடிச்சு விரட்டின பேரு வேற. அந்தப் போர்ல சோவியத் ஜனங்க மட்டும் 2 கோடியே 70 லட்சம் பேர் செத்தாங்க. அதை எந்த மியூசியமும் மறைக்கவும் கூடாது, மறக்கவும் கூடாது.

இப்ப உள்ள போவோம்.

சிவப்புக் கம்பளம் விரிச்ச பளிங்குப் படிக்கட்டு. மேலே ஏறினா ஸ்டாலின் சிலை வரவேற்குது. வழிகாட்டி அம்மா கையில ஒரு நீளக் குச்சி. நம்ம ஊரு புவியியல் டீச்சர் மேப்பைத் தொட்டுக் காட்டுவாங்களே, அதே மாதிரி. வருஷம், ஊரு, சம்பவம்னு மனப்பாடமா ஓட்டறாங்க. கோரி சர்ச் பள்ளிக்கூடத்துல நல்ல மாணவர். திபிலிசி இறையியல் கல்லூரி. பதினாறு வயசுல எழுதின கவிதை. ரகசிய அச்சகம். சைபீரியா. புரட்சி. லெனின். போர். வெற்றி. பெர்லின். அடுத்த அறையில உலகம் பூரா இருந்து வந்த பரிசுப் பொருள். அப்புறம் வட்டமா, இருட்டா ஒரு அறை. நடுவுல வெளிச்சம் போட்டு, வெண்கலத்துல அவரோட மரண முகமூடி. சாமி சன்னதி மாதிரி எல்லாரும் தானா சுத்தி வராங்க. நானும் சுத்தினேன். பாதி சுத்தினப்புறந்தான், 'அட, பிரதட்சணம் பண்றோமே'ன்னு உறைச்சுது.

வெளியே வந்து யோசிச்சேன். அங்க சொன்னதுல எது பொய்? கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. நல்லாப் படிச்சார், உண்மை. கவிதை எழுதினார், உண்மை. ஜெயிலுக்குப் போனார், உண்மை. போர்ல ஜெயிச்சார், உண்மை. ஒரு பொய் கூடச் சொல்லாம இவ்ளோ பெரிய பொய்யைச் சொல்ல முடியும்ங்கறதை நான் கோரியிலதான் பார்த்தேன்.

அங்க இருக்கறது பிரச்சினையே இல்ல. பக்கத்துல இல்லாததுதான் பிரச்சினை. நாலு உதாரணம் சொல்றேன்.

கவிதையை எடுத்துக்குவோம். 1895-ல 'இவேரியா' பத்திரிகையில இளம் ஸ்டாலின் கவிதை வந்துச்சு. சந்தோஷம். அதே ஜார்ஜியாவுல பாவ்லோ யாஷ்விலின்னு ஒரு கவிஞர். 1937-ல, நண்பர்களைக் காட்டிக் கொடுக்கச் சொல்லி நெருக்கினப்ப, திபிலிசி எழுத்தாளர் சங்கக் கட்டடத்துக்குள்ளயே தன்னைத் தானே சுட்டுக்கிட்டார். அவர் நண்பர் தித்சியான் தபித்சே, அவரும் பெரிய கவிஞர், அதே வருஷக் கடைசியில சுட்டுக் கொல்லப்பட்டார். அது தெரியாம அவர் மனைவி வருஷக்கணக்கா காத்துட்டிருந்தாங்க. ஸ்டாலின் கவிதை இருக்கற சுவத்துல இந்த ரெண்டு கவிஞர்களுக்கு ஒரு அடி இடம் கிடையாதா?

குடும்பப் படத்தை எடுத்துக்குவோம். முதல் மனைவி கேத்தோ ஸ்வானித்சே, 1907-ல சின்ன வயசுலயே நோயில போயிட்டாங்க. ஸ்டாலின் உடைஞ்சு போனார்னு சொல்றாங்க. இருக்கலாம். அந்தம்மாவோட கூடப் பிறந்தவர் அலெக்சாண்டர் ஸ்வானித்சே, ஸ்டாலினோட பழைய தோழர். அவரை 1941-ல சுட்டாங்க. அவர் மனைவியை 1942-ல சுட்டாங்க. மச்சானையே விடல. நம்ம ஊர்ல மச்சான்னா என்ன உறவுன்னு உங்களுக்குத் தெரியும்.

பரிசு அறையை எடுத்துக்குவோம். உலகத் தொழிலாளிகள் அனுப்பின சாமான் அடுக்கி வெச்சிருக்கு. பக்கத்துல 1932-33 பஞ்சத்துக்கு ஒரு மூலை வேணாமா? உக்ரைன்ல மட்டும் 30 லட்சத்துக்கும் மேல செத்தாங்க. விளைஞ்ச தானியத்தை அரசாங்கம் வாரிக்கிட்டுப் போன பஞ்சம் அது. 'சோவியத் நாடு' அட்டையில சிரிச்ச கோதுமை வயல் எனக்கு அந்த அறையிலதான் ஞாபகம் வந்துச்சு.

கடைசியா ரயில் பெட்டி. மியூசியத்துக்குப் பக்கத்துல பச்சை கலர்ல நிக்குது. கவசத் தகடு போட்டது, 83 டன் எடை. விமானத்துல போக அவருக்கு அவ்வளவா பிடிக்காது, அதனால யால்டா மாநாட்டுக்குக் கூட இதுலதான் போனார். உள்ளே மரப் பலகை இழைச்ச சுவரு, கூட்டம் போட மேசை, படுக்கை அறை, குளிக்கத் தொட்டி. தொட்டியை எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க. நானும் எடுத்தேன்.

யால்டாவுக்கு மூணு மாசம் முன்னாடி, 1944 நவம்பர்ல, இதே ஜார்ஜியாவோட தெற்குப் பகுதியில மெஸ்கேத்தியத் துருக்கியர்னு ஒரு ஜனத்தை, 90 ஆயிரத்துக்கும் மேல, கிழவி கைக்குழந்தை பாக்காம சரக்கு ரயில்ல ஏத்தி மத்திய ஆசியாவுக்கு அனுப்பினாங்க. குளிர் காலம். வழியிலயே ஏகப்பட்ட பேர் செத்தாங்க. அதே வருஷம் செச்சென்யர், இங்குஷ், கிரிமியத் தாத்தாரியர்னு ஒவ்வொரு இனமா ரயில் ஏறுச்சு. எல்லாம் ஒருத்தர் உத்தரவு.

குளிக்கத் தொட்டி வெச்ச பெட்டிக்குப் பின்னாடி ஒரு சரக்குப் பெட்டியைக் கோத்து நிறுத்துங்க. ஒண்ணும் எழுத வேணாம். குச்சி வெச்ச டீச்சரும் வேணாம். பார்க்கறவனுக்குத் தானா விளங்கும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். மாடிப்படிக்குக் கீழே சின்னதா ஒரு இடத்துல, ரகசிய போலீஸ் விசாரணை அறை மாதிரி ஒண்ணு அமைச்சு, அடக்குமுறையைப் பத்திக் கொஞ்சம் வெச்சிருக்காங்க. நாங்களாத்தான் கேட்டுப் போய்ப் பார்த்தோம். மேலே பளிங்கும் கம்பளமும், கீழே மாடிப்படிக்கு அடியில செத்தவங்க. நம்ம வீட்ல தொடப்பக்கட்டை வைக்கற இடம் அது. 1937, 38 ரெண்டு வருஷத்துல மட்டும் ரகசிய போலீஸோட சொந்தக் கணக்குப்படியே 6,81,692 பேரைச் சுட்டிருக்காங்க. அத்தனை பேருக்கும் மாடிப்படி நிழல்தானா?

'அப்போ இடிச்சுத் தள்ளச் சொல்றியா?'ன்னு கேட்பீங்க. இல்லவே இல்ல. அங்கதான் நான் இன்னொரு கோஷ்டியோடயும் சண்டை போடறேன்.

கோரி நகரசபை முன்னாடி 6 மீட்டர் உயரத்துல ஸ்டாலின் வெண்கலச் சிலை இருந்துச்சு. 2010 ஜூன்ல அரசாங்கம் அதைத் தூக்கிடுச்சு. எப்படி? முன்னறிவிப்பு இல்லாம, ராத்திரியோட ராத்திரியா. எனக்கு இதுல ஒரு நெருடல். ராத்திரியில வந்து கூட்டிட்டுப் போறது ஸ்டாலின் ஆளுங்க பழக்கம் இல்லையா? அவர் சிலையையும் அதே மாதிரி எடுத்தா ஊர் ஜனத்துக்கு என்ன புரியும்? பகல்ல, கூட்டம் கூட்டி, ஏன் எடுக்கறோம்னு சொல்லி, திட்டறவன் திட்ட, அழறவன் அழ எடுத்திருக்கணும்.

மியூசியத்துக்கும் ஒரு திட்டம் போட்டாங்க. 2008 ஆகஸ்ட்ல ரஷ்யா குண்டு போட்டு கோரியைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு. ஊர் ஜனங்க செத்தாங்க. அந்தக் கோபத்துல, இதை ரஷ்ய ஆக்கிரமிப்பு மியூசியமா மாத்தறோம்னு அமைச்சர் அறிவிச்சார். வாசல்ல, இது வரலாற்றுத் திரிப்புன்னு பேனர் கூட வெச்சாங்க. 2012 டிசம்பர்ல கோரி நகரசபை ஓட்டுப் போட்டு அந்தத் திட்டத்தை ரத்து பண்ணிடுச்சு. ரத்து ஆனது ஒரு விதத்துல நல்லதுன்னு நான் சொல்வேன். கோபம் நியாயம்தான். ஆனா ஸ்டாலினை ரஷ்யாக்காரன் கணக்குல எழுதிட்டா ஜார்ஜியா கைகழுவிடலாம். ஸ்டாலின் ஜார்ஜியர். அவரோட போலீஸ் தலைவர் பேரியாவும் ஜார்ஜியாக்காரர்தான். அந்தத் தாத்தாவைக் கூட்டிட்டுப் போக ராத்திரி கதவைத் தட்டினவன் மாஸ்கோவில இருந்தா வந்திருப்பான்? பக்கத்துத் தெருக்காரனாத்தான் இருந்திருப்பான்.

திபிலிசியில, ருஸ்தாவேலி அவென்யூவில, 2006-ல திறந்த சோவியத் ஆக்கிரமிப்பு மியூசியம் ஒண்ணு இருக்கு. அடுத்த நாள் அதையும் பார்த்தேன். அங்க செத்தவங்க இருக்காங்க, கொன்னவன் வெளியில இருந்து வந்தவன் மாதிரி இருக்கான். கோரியில கொன்னவர் நம்மூர்ப் பையனா இருக்கார், செத்தவங்க மேல் மாடியில இல்ல. 80 கிலோமீட்டர் இடைவெளியில ரெண்டு மியூசியம், ஒண்ணுக்கொண்ணு முகம் கொடுத்துப் பேசறதே இல்ல.

வேற நாட்டுக்காரங்க என்ன பண்றாங்க? ஹிட்லர் பிறந்த பிரவுனாவ் வீட்டு முன்னாடி 1989-ல ஒரு கல் நட்டாங்க. மவுத்ஹவுசன் வதை முகாம்ல இருந்து எடுத்து வந்த கல். அதுல ஹிட்லர் பேரே கிடையாது, செத்தவங்களை நினைவுபடுத்தி எழுதியிருக்கு. அப்புறம் வீட்டையே ஆஸ்திரிய அரசு சட்டம் போட்டு எடுத்து, போலீஸ் ஸ்டேஷனா மாத்தறதுன்னு 2019-ல முடிவு பண்ணுச்சு. அது ஒரு வழி. ஆனா கோரிக்கு ஒத்து வராது. ஹிட்லரை அந்த ஊர்ல வெளிப்படையாக் கொண்டாட முடியாது. ஸ்டாலினைக் கொண்டாடறவங்க இருக்காங்க. 2012-ல ஜார்ஜியாவுல எடுத்த ஒரு கருத்துக்கணிப்புல 45 சதவீதம் பேர் அவர் மேல நல்லெண்ணம்னு சொன்னாங்க. 2024 ஜனவரியில திபிலிசி பெரிய கதீட்ரல்ல ஒரு புனிதப் படத்துல ஸ்டாலின் உருவம் இருக்கறது தெரிஞ்சு, ஒரு பெண் அதுல நீல பெயிண்டை ஊத்தினாங்க. உடனே கூட்டம் அந்தப் பெண் வீட்டு முன்னாடி போய் நின்னுச்சு. சாமியாரைச் சுட்ட, சர்ச்சை இடிச்ச ஆளுக்கு சர்ச்சுக்குள்ளயே படம்! அப்படிப்பட்ட இடத்துல மியூசியத்தைப் பூட்டினா, அந்தப் பிம்பம் வீட்டுக்குள்ள போய் இன்னும் பெருசாத்தான் வளரும்.

அதனால என் கட்சி இதுதான். பூட்டாதீங்க, இடிக்காதீங்க, பேரை மாத்தாதீங்க. ஓட்டை வீடு இருக்கட்டும், கவிதை இருக்கட்டும், போர் வெற்றி இருக்கட்டும், குளிக்கற தொட்டியும் இருக்கட்டும். மாடிப்படிக்குக் கீழே இருக்கறவங்களை மேலே கூட்டிட்டு வாங்க. அதே வெளிச்சம், அதே கம்பளம், அதே சுவரு. அப்புறம் ஊர்க்காரன் அவரை நேசிக்கட்டும், வெறுக்கட்டும். தெரிஞ்சு செய்யட்டும்.

தோழர்கள் சில பேர் கிளம்பி வருவீங்கன்னு தெரியும். 'சர்ச்சில் யோக்கியமா? 1943 வங்காளப் பஞ்சத்துல லட்சம் லட்சமா சாக விட்டவனுக்கு லண்டன்ல மியூசியம் இல்லையா?'ன்னு. இருக்கு. அங்கயும் இதே கேள்வியைக் கேட்போம், நானும் கூட வரேன். ஆனா சர்ச்சில் கணக்கைக் காட்டி ஸ்டாலின் கணக்கை அடைக்க முடியாது. ரெண்டு கடனும் தனித்தனி.

இப்ப காப்பி கப்பு.

மியூசியத்துல ஒரு கடை. கப்பு, பனியன், காந்தம், சின்னச் சிலை, ஒயின் பாட்டில், எல்லாத்துலயும் அதே மீசை. ஒரு கப்பைக் கையில எடுத்தேன். அண்ணனுக்குப் பிடிக்கும். காலையில அதுல காப்பி குடிச்சா அப்பா ஞாபகம் வரும். அஞ்சு நிமிஷம் அதைக் கையிலயே வெச்சிருந்தேன். பக்கத்துல தங்கச்சி பொண்ணு, "மாமா, இதை எடுத்துட்டு வீட்டுக்கு வந்தீங்கன்னா பாட்டி உங்களுக்கு டீ குடுப்பாங்களா?"ன்னா. கப்பைத் திருப்பி வெச்சிட்டேன்.

ரோட்டோரம் சுர்ச்கேலா தொங்கவிட்டிருந்தாங்க. வால்நட்டை நூல்ல கோத்து, திராட்சைப் பாகுல முக்கிக் காய வெச்ச பண்டம். பார்க்க மெழுகுவத்தி மாதிரி இருக்கும். நாலு வாங்கினேன்.

ஊருக்கு வந்து அண்ணன்கிட்ட அதைக் கொடுத்து, எல்லாத்தையும் சொன்னேன். வீட்டுக்கார அம்மா, அவங்க தாத்தா, பெரியப்பா, ரயில் பெட்டி எல்லாம். அவர் முகம் சுருங்கிடுச்சு.

"அறுபது வருஷத்துக்கு மேல இந்தப் பேரைச் சுமந்துட்டிருக்கேன். இப்ப வந்து மாத்திக்கச் சொல்றியா?"

"இல்லீங்கண்ணா. யாராச்சும் பேருக்கு அர்த்தம் கேட்டா முழுசாச் சொல்லுங்கன்னுதான் சொல்றேன்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்கறயா?"

"தெரிஞ்சிருக்கும்."

ரொம்ப நேரம் அவர் பேசல. சுர்ச்கேலாவை ஒரு கடி கடிச்சுப் பார்த்துட்டு, "பல்லுல ஒட்டுது"ன்னார். அப்புறம், "அப்பா நம்மகிட்ட வீட்டு விஷயத்துலயே பாதிதான் சொல்வார். மில்லுல கதவடைப்பு வந்தப்பக் கூட அம்மாவுக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் சொன்னார். கெட்டதைச் சொல்ல மாட்டார், மனுஷன்"னார்.

எனக்கு அதுக்குப் பதில் தெரியல. கோரி மியூசியத்தை நான் இவ்ளோ திட்டறேன். டிரங்குப் பெட்டியில இருந்த புத்தகத்துல எது இல்லைன்னு நானும்தான் இத்தனை வருஷமா தேடிப் பார்க்கல. அப்பா மேல இருக்கற பாசத்துல அவரோட ஸ்டாலினையும் சேர்த்துத்தான் வெச்சிருந்தேன். ஒண்ணை விடாம இன்னொண்ணை விடறது எப்படின்னு இந்த வயசுலதான் கத்துக்கறேன்.

டிஸ்கி: உங்க வீட்லயும் லெனின், ஸ்டாலின், மாவோன்னு யாராச்சும் இருந்தா சொல்லுங்க. பேரு வெச்சவங்ககிட்ட ஏன்னு கேட்டிருக்கீங்களா? கேட்க முடியற நிலைமையில இருந்தா இன்னிக்கே கேட்டுடுங்க. எனக்கு அந்த வாய்ப்பு போயிடுச்சு.